பாகு இறுகும் நேரம்

"அம்மா, எனக்கு உருண்டை பிடிக்க வரமாட்டேங்கு."

இதைச் சொல்வதற்காக ஆவுடையப்பன் இரண்டு பஸ் மாறி மலையடிவார மடத்துக்கு வரவில்லை. சொல்ல வந்தது வேறு. அது தொண்டை வரைக்கும் வந்து நின்றுகொண்டதால், வாய் உருண்டையைப் பற்றிப் பேசிவிட்டது.

உலகம்மை கையை நீட்டினார்.

மடத்தை நடத்துபவர் அவர்; அங்கே எல்லோருக்கும் அம்மாதான். ஆவுடையப்பனின் மகளைவிட நாலைந்து வயது மூத்தவராக இருந்தால் அதிகம். ஆனாலும் அவர் எதிரில் வந்து நின்றால் பெரிய பெரிய ஆட்களுக்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

ஆவுடையப்பன் பையிலிருந்து டப்பாவை எடுத்துக் கொடுத்தார். உள்ளே உருண்டை என்று சொல்ல ஒன்றுமில்லை. வெல்லமும் வேர்க்கடலையும் எள்ளும் சேர்ந்து பாறையாகி, சுத்தியலால் உடைபட்ட சில்லுகள்தான் இருந்தன.

"டாக்டர் பேக்கரிப் பண்டமே கூடாதுன்னுட்டாரு. வீட்டுலயே சத்தா ஏதாவது பண்ணிச் சாப்பிடுங்கன்னாரு. போன்ல பாத்துத்தாம்மா பண்ணுதேன். நாலு உருண்டை பிடிக்கதுக்குள்ள மிச்சம் சட்டியோட ஒட்டிக்கிடுது."

உலகம்மை ஒரு சில்லை வாயில் போட்டு நிதானமாக மென்றார்.

"பதம் சரியாத்தான் இருக்கு."

"அப்படியா?"

"கடலையும் நல்லா வறுபட்டிருக்கு. கூட யாரு பிடிச்சா?"

"கூட யாரும்மா இருக்கா?"

அவ்வளவுதான். தொண்டையில் நின்றது வெளியே வந்துவிட்டது.

"ஸ்டேஷன் மாஸ்டரா இருந்தவன் நான். நான் கொடி காட்டாம ஒரு வண்டி நகராது. இப்ப என் வீட்டுக்காரி போயிட்டா. மக கனடாவுல. ஃபிளாட்டுல கதவைச் சாத்திட்டு உள்ள கிடந்தா, ஏன்னு கேக்க ஒரு நாதி இல்ல. எல்லார் வீட்டுலயும் விசேஷம் நடக்கு. ஒருத்தரும் என்னக் கூப்பிடதில்ல. போன மாசம் காய்ச்சல். சிலிண்டர் போட வந்தவரு, 'என்ன சார், முகம் வாடிக் கிடக்கு'ன்னாரு. அவரு படி இறங்கினப்பறம் உக்காந்து அழுதேம்மா."

உலகம்மை டப்பாவை மூடினார்.

"இங்க ஒரு ரூம் கொடுத்தீங்கன்னா போதும். ஒரு ஓரமாக் கிடந்துக்கிடுவேன்."

"அடுப்படிக்கு வாங்க" என்றார் உலகம்மை.

மறுநாள் பௌர்ணமி. மலையேறும் ஜனங்களுக்கு மடத்திலிருந்து ஆளுக்கு ஓர் உருண்டை கொடுப்பது வழக்கம். ஆனால் மடத்துப் பிள்ளைகள் எல்லோரும் தெப்பக்குளத்தைத் தூர்வாரப் போயிருந்தார்கள். அடுப்படியில் ஈ காக்கை இல்லை. பெரிய உருளியில் பாகு கொதித்துக்கொண்டிருந்தது.

ஆவுடையப்பன் வாசற்படியோரம் நின்று, கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டார். பிளாட்பாரத்தில் நின்று பழகிய நிலை. அது அவ்வளவு சீக்கிரம் போகாது.

உலகம்மை ஒரு சொட்டுப் பாகைத் தண்ணீரில் விட்டார். உருட்டித் தட்டில் எறிந்தார். டங்கென்று சத்தம் வந்தது. உடனே உருளியை இறக்கி, கடலையையும் எள்ளையும் பொட்டுக்கடலையையும் கொட்டிக் கிளறினார். கையில் அரிசி மாவைத் தடவிக்கொண்டு மணையில் உட்கார்ந்து பிடிக்கத் தொடங்கினார்.

அவர் வேகம் அபாரம். இருந்தும் அவருக்கு இருப்பது இரண்டு கைதானே.

"அம்மா, ஓரத்துல இறுகுது!" என்றார் ஆவுடையப்பன்.

உலகம்மை ஓரத்துக்கு வந்தார்.

"இப்ப நடுவுல இறுகுதும்மா! சீக்கிரம்!"

நடுவுக்குப் போனார்.

"ஐயோ, அந்தப் பக்கம்! அந்தப் பக்கம்!"

உலகம்மை கையை எடுத்துவிட்டார். கரண்டியால் உருளியைத் தட்டினார். கல்லைத் தட்டின சத்தம் கேட்டது. தட்டில் இருந்த உருண்டைகள் ஒரு குடும்பத்துக்குப் போதும். மலையேறும் கூட்டத்துக்கு எந்த மூலைக்கு?

ஆவுடையப்பனுக்கு மனசு கேட்கவில்லை.

"ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நானும் பிடிச்சிருப்பேனே!"

"இங்கதான நின்னீங்க?"

"நின்னேன். ஆனா நீங்க கூப்பிடலியே."

உலகம்மை கரண்டியைக் கீழே வைத்தார். அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வையில் கோபம் கிடையாது. கோபம் இருந்திருந்தால் ஆவுடையப்பன் சமாளித்திருப்பார்.

"கூப்பிடாத இடத்துல எப்படிம்மா கைய நீட்டுதது?" என்றார், குரல் இறங்கி. "ஒன்ன யாருய்யா கூப்பிட்டான்னு கேட்டுட்டா?"

"கேட்டிருக்காங்களா?"

அவர் யோசித்தார்.

"இல்ல" என்றார்.

உலகம்மை உருளியை மறுபடி அடுப்பில் ஏற்றி, தீயைக் குறைத்து வைத்தார். "இளகும். ஆனா ஒரு தடவைதான். ரெண்டாந்தடவை இறுக விட்டா கசந்து போவும்."

ஆவுடையப்பனுக்கு அங்கே நிற்கவே கூசியது. பேச்சை மாற்றினார்.

"ரூம் கேட்டேனேம்மா..."

"எடுத்துக்கோங்க. எல்லாம் காலியாத்தான் கிடக்கு. வடக்கு ரூம்ல மட்டும் ஆள் உண்டு."

எவ்வளவோ கெஞ்ச வேண்டியிருக்கும் என்று பஸ்ஸில் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்தவர் அவர். கேட்டது இவ்வளவு சுலபமாகக் கிடைத்ததும் சந்தோஷம் வரவில்லை.

"வடக்கு ரூம்ல யாரு?"

"உங்கள மாதிரி ஒருத்தர். ஊர்ல யாரும் கூப்பிடலைன்னு இங்க வந்தாரு."

"இப்ப எப்படி இருக்காரு?"

"கதவைச் சாத்திட்டு இருக்காரு."

ஜன்னல் வழியே ஆவுடையப்பன் எட்டிப் பார்த்தார். முற்றத்துக்கு அப்பால் பச்சைக் கதவு ஒன்று. வெளியே ஒரு ஜோடிச் செருப்பு, அதன்மேல் வேப்பஞ்சருகு. பார்க்கப் பார்க்க அது அவர் வீட்டு வாசல் மாதிரியே இருந்தது.

"வெளிய வரவே மாட்டாராம்மா?"

"சாப்பிட வருவாரு. சாப்பிட்டுட்டுப் போயிருவாரு."

உருளியில் பாகு மெல்லக் குமிழ் விட்டது. வெல்ல வாசனை கிளம்பியது. உலகம்மை இறக்கி வைத்தார். மாவைத் தடவினார். உட்கார்ந்தார்.

கூப்பிடவில்லை. இந்தத் தடவை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

பின்னால் கட்டியிருந்த கைகள் ஒன்றையொன்று இறுகப் பிடித்துக்கொண்டன. இத்தனை வயசுக்குமேல் இப்படி ஒரு வெட்கமா என்று ஆவுடையப்பனுக்குத் தன்மேலேயே எரிச்சல் வந்தது. ஸ்டேஷனுக்கு மந்திரி வந்தபோதுகூட அவர் இப்படித் தயங்கியதில்லை.

அவர் போய் உட்கார்ந்தார்.

மாவைத் தொட மறந்துபோய், நேராகப் பாகில் கையை விட்டார்.

"ஆ! சுடுதும்மா!"

"சுடும்" என்றார் உலகம்மை. மாவுக் கிண்ணத்தை அவர் பக்கம் தள்ளிவிட்டு, மணையோடு கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்.

இருவரும் பிடித்தார்கள். ஆவுடையப்பன் பிடித்த முதல் உருண்டை கோணலாக வந்தது, இரண்டாவது அதைவிடக் கோணல். மூன்றாவது பரவாயில்லை. விரல் நுனியெல்லாம் சிவந்து எரிந்தது. உருண்டை பிடித்துப் பிடித்து அவர் மனைவியின் கை கடைசிவரை இப்படித்தான் சிவந்திருக்கும். அப்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து ஒன்று பிடித்துக்கொடுக்க அவருக்குத் தோன்றியதே இல்லை. அந்த நினைப்பு சட்டென்று வந்து கண்ணை மறைத்தது. துடைக்கக் கை காலியில்லை.

உருளியில் பாதிக்குமேல் மிச்சம் இருந்தது. பாகு மறுபடி இறுகத் தொடங்கியது.

"பத்தாதும்மா" என்றார். "நாலு கை பத்தாது."

"ஆமா."

"இன்னொரு ஆள் வேணும்."

"ஆமா."

"கூப்பிட்டா வருவாராம்மா அவரு?"

"தெரியாது."

ஆவுடையப்பன் எழுந்தார். முற்றத்தில் வெயில் சுட்டது. செருப்பைத் தேடவில்லை. பாகும் மாவும் அப்பிய கைகளைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே வேட்டி தடுக்கத் தடுக்க ஓடினார். கையால் தட்ட முடியாதென்பதால் பச்சைக் கதவை முழங்கையால் இடித்தார்.

உள்ளே சத்தமில்லை.

மறுபடி இடித்தார்.

கட்டில் கிரீச்சிட்டது. வெகுநாளாகப் பேசாத தொண்டை ஒன்று கமறிக்கொண்டு கேட்டது.

"யாரு?"

"நாந்தான்" என்றார் ஆவுடையப்பன். "பாகு இறுகுது. வெரசா வாங்க!"