இலைக்கு முன்னே பூத்த குங்குமப்பூ

அந்தக் காலத்தில், கிழங்கும் கிடாவும் மனிதரோடு வாய்திறந்து பேசிய நாட்களில், பனிமலைச் சரிவில் ஓர் ஐப்பசி மாதம், பொழுது புலர்ந்தும் பனி உலராத வேளையில், லாலி என்பவள் தன் குங்குமப்பூ வயலின் நடுவே இடுப்பில் கைவைத்து நின்றாள். வயல் முழுவதும் பச்சைப்பசேலென்று இலை. பூ ஒன்றுகூட இல்லை.

குங்குமப்பூவும் அப்போது மற்றச் செடிகளைப் போல முதலில் இலைவிட்டு, பிறகே பூத்துக்கொண்டிருந்தது.

ஏழாம் நாள் அவள் மகள் ஜூனிக்குக் கல்யாணம். குங்குமப்பூச் சாயத்தில் தோய்த்த முக்காடு இல்லாமல் அந்த ஊரில் எந்தப் பெண்ணும் மணவறை ஏறியதில்லை. பூ மிகுதியாக வேண்டும் என்ற ஆசையில், ஊரார் எருவுக்காக ஓரிரவு மட்டும் ஆட்டுக்கிடை போடுவார்கள் என்றால், லாலி புரட்டாசியில் பத்து இரவு கிடை போட்டிருந்தாள்.

"கிழங்கே, தின்றதெல்லாம் எங்கே போயிற்று?" என்று மண்ணைப் பார்த்துக் கேட்டாள்.

தாய்க்கிழங்கு உள்ளிருந்து நிதானமாக ஏப்பம் விட்டது. "கண் தெரியவில்லையா? இப்படியோர் இலை இந்தச் சரிவில் எவளுக்கு வாய்த்திருக்கிறது?"

"இலையிலா முக்காட்டைத் தோய்ப்பது?"

"பூவைக் கேட்கிறாயா? இன்னும் சாப்பிட்டே முடியவில்லை. பங்குனியில் பார்க்கலாம்."

"பங்குனி வரை மாப்பிள்ளை வீட்டார் வாசலிலேயே நிற்பார்களா?"

வரப்போரம் நின்ற கொம்பன், கிடையின் தலைமைக் கிடா, தொண்டையைச் செருமியது. "லாலியக்கா, எரு எங்களுடையது. ஆனால் எண்ணிக்கை உன்னுடையது."

"வயிறு ஒட்டிக்கிடக்கிற நீ எனக்குப் புத்தி சொல்கிறாயா, கொம்பா?"

"ஒட்டிய வயிறுதான். அதனால்தான் கேட்கிறேன். இந்த இலை உனக்கு வேண்டாம் என்றால்..."

லாலி இலையைப் பார்த்தாள். கொம்பனைப் பார்த்தாள். பிறகு வேலிப்படலைத் திறந்துவிட்டாள்.

நாற்பது ஆடுகள் புகுந்தன. வெயில் ஏறுவதற்குள் வயல் மொட்டையாயிற்று.

"ஐயோ, என் மானம்!" என்று கிழங்கு அலறியது. "கல்யாணத்துக்கு ஊரே வரும்போது இந்த மொட்டைத் தலையோடா நிற்பது?"

"உன்னிடம் வேறு உடுப்பு இல்லையா?" என்றாள் லாலி.

ரோஷம் வந்த கிழங்கு, சேர்த்து வைத்திருந்த சத்தையெல்லாம் திரட்டி மேலே தள்ளியது. மறுநாள் விடியலில் வெற்று மண்ணைப் பிளந்துகொண்டு ஊதாப் பூக்கள் நின்றன. ஒவ்வொன்றின் நடுவிலும் செக்கச்செவேலென்று மூன்று இழை. ஜூனியும் தோழியரும் கூடையோடு ஓடிவந்தார்கள். சிரிப்பில் பாதிப் பூவைச் சிந்தினார்கள். மீதியே முக்காட்டுக்குப் போதுமானதாக இருந்தது.

தன் அழகைக் கண்டு கிழங்கும் குளிர்ந்துபோயிற்று. "இனிமேல் பூவையே முதலில் தருகிறேன். ஆனால் பின்னால் வரும் இலைதான் என் குட்டிக்கிழங்குகளுக்குப் பாலூட்டும் தாய். அது காயும்வரை எந்த ஆடும் வாய்வைக்கக் கூடாது. எருவை மட்கவிட்டு, பூ முடிந்தபின் அளவாகப் போடு. அதற்குரிய பலனை மறு ஐப்பசியில் கேள், முன்னால் கேட்காதே."

"எனக்கு என்ன?" என்றது கொம்பன்.

"காய்ந்த இலை."

"காய்ந்ததா!"

"பச்சையைத்தான் நேற்றே தின்றுவிட்டாயே!"

அன்று முதல்தான் குங்குமப்பூ இலைக்கு முந்திப் பூக்கிறது. இட்ட எருவுக்கு மறு ஆண்டில் பூவால் பதில் சொல்கிறது. பேசியபடியே எல்லாம் நடந்தது. கார்த்திகையில் கொம்பன் மட்கிய எருவைக் கொடுத்தது. வைகாசியில் கிழங்கு கொம்பனுக்குக் காய்ந்த இலையைக் கொடுத்தது. அடுத்த ஐப்பசியில், தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்த ஜூனி பாலில் போடக் குங்குமப்பூ கேட்ட அதே வாரத்தில், கிழங்கு லாலிக்கு இருமடங்கு பூவைக் கொடுத்தது.