கொக்குக்கால் தராசு

ஒரு காட்டில் சிரிப்புக்கென்று தனியாக ஒரு வேளை இருந்தது.

பொழுது சாயும்போது விலங்குகள் எல்லாம் மடுவுக்குத் தண்ணீர் குடிக்க வரும். அந்தக் காட்டுக்கு இருந்தது அந்த ஒரு மடுதான். கோடையில் வேறெங்கும் ஒரு சொட்டு கிடைக்காது. குடிப்பதற்கு முன்னால், கரையில் நின்ற மருதமரத்தின் கிளையில் ஒரு கரிச்சான் குருவி வந்து உட்காரும். அதற்கு எந்தக் குரலும் வரும். அன்றைக்குக் காட்டில் எது அசட்டுத்தனம் செய்ததோ, எது அடாவடி செய்ததோ, அதன் குரலிலேயே பேசிக் காட்டும். எல்லாம் சிரிக்கும். கேலிக்கு ஆளான விலங்கு கோபிக்கக் கூடாது. சிரித்து முடித்த பிறகுதான் தண்ணீரில் வாய் வைக்க வேண்டும். இது அங்கே வழக்கம்.

வழக்கத்துக்குக் காரணம் இருந்தது. ஒருமுறை ஒரு காட்டெருமை மடுவின் நடுவில் படுத்துக்கொண்டு, சின்ன விலங்குகளை அண்டவிடாமல் தண்ணீரைக் கலக்கியது. போய்க் கேட்க எதற்கும் துணிவில்லை. அன்று மாலை கரிச்சான் அந்த எருமையின் குரலில், "நான் குளிக்கவில்லை அப்பா, மடுவுக்குக் காவல் படுத்திருக்கிறேன்" என்று முனகிக் காட்டியது. முயல்கூடச் சிரித்தது. மறுநாள் எருமை ஓரமாக நின்று குடித்துவிட்டுப் போனது. எந்தக் கொம்பாலும் முடியாத காரியத்தை ஒரு கேலி முடித்துவைத்தது.

பிறகு காடு இரண்டாகப் பிரிந்தது.

மடுவுக்குக் கிழக்கே பழைய தடத்துக் கட்சி. பன்றிகளும் எருமைகளும் முள்ளம்பன்றிகளும் அதில் இருந்தன. பாட்டன் நடந்த தடத்தில்தான் நடக்க வேண்டும், அதில் ஒரு கல்லைக்கூட நகர்த்தக் கூடாது என்பது அவற்றின் பேச்சு. தலைமை கொம்பையன் என்ற கிழட்டுக் காட்டுப்பன்றி, பிடிவாதத்துக்குப் பேர்போனது. மேற்கே புதுத்தடத்துக் கட்சி. குரங்குகளும் மான்களும் அணில்களும் அதில் இருந்தன. தடம் என்று ஒன்று இருந்தாலே அதை மாற்றித்தான் ஆகவேண்டும் என்பது இவற்றின் பேச்சு. தலைமை வாலாயி என்ற மந்தி, அவசரத்துக்குப் பேர்போனது.

கரிச்சான் இரண்டு கட்சியிலும் இல்லை. அசடு எந்தப் பக்கம் இருந்தாலும் அதற்கு அசடுதான். ஒரே மாலையில் கொம்பையனைப் போல் உறுமிக் காட்டும், வாலாயியைப் போல் கீச்சிட்டும் காட்டும். ஆனால் வீடு திரும்பும்போது பன்றிகளுக்கு உறுமல் மட்டும் நினைவிருக்கும். குரங்குகளுக்குக் கீச்சல் மட்டும் நினைவிருக்கும்.

"அது மரத்தில் குடியிருக்கிறது. குரங்கும் மரத்தில் குடியிருக்கிறது. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்?" என்றது கொம்பையன்.

"அது பூச்சி பிடிப்பது எருமை முதுகில் உட்கார்ந்துகொண்டு. எவன் முதுகில் சவாரியோ அவன் பாட்டைத்தானே பாடும்?" என்றது வாலாயி.

இரண்டு பேச்சையும் மடுவின் நடுவில் நின்ற ஒரு கொக்கு கேட்டுக்கொண்டிருந்தது. கொக்குக்குக் கோபம் கிடையாது, சிரிப்பும் கிடையாது. காத்திருக்க மட்டும் தெரியும். மடுவின் ஆழத்தில் கொழுத்த விரால்கள் இருந்தன. கொக்கின் அலகு அவ்வளவு ஆழம் எட்டாது.

அந்த வாரம் அது இன்னும் இரண்டு காரியங்களைப் பார்த்தது. புதுத்தடம் போடுகிறோம் என்று குரங்குகள், பள்ளத்துப் பக்கத்துக் கரையில் இருந்த வெட்டிவேர்ப் புதர்களைப் பிடுங்க ஆரம்பித்திருந்தன. அதே கரையின் அடியில், பாட்டன் தோண்டிய இடம் என்று பன்றிகள் கோரைக்கிழங்குக்காகக் குழி தோண்டிக்கொண்டிருந்தன. கரையைப் பிடித்துக்கொண்டிருந்தவை அந்த வேரும் அந்த மண்ணும்தான். இரண்டும் போனால் தண்ணீர் போகும். தண்ணீர் போனால் விரால்கள் தரைக்கு வரும். இடையில் கரிச்சான் ஒரு வார்த்தை கேலியாகச் சொல்லிவிட்டால், வெட்கப்பட்டு இரண்டு கூட்டமும் நிறுத்திவிடும். அதுதான் கொக்குக்கு இருந்த ஒரே கவலை.

ஆகவே கொக்கு சிரிப்பு வேளையில் தொண்டையைச் சரிசெய்துகொண்டு பேசியது. தான் கிழக்குக் கரையும் அல்ல, மேற்குக் கரையும் அல்ல, பிறந்தது முதல் நடுவில் நிற்பவன் என்றது. கேலியில் ஓரவஞ்சனை இருக்கிறது என்று இரண்டு பக்கமும் புகார் சொல்வதால், புகாரில் உண்மை இருந்தே தீரும் என்றது. அதற்கு ஒரு வழியும் சொன்னது. கரிச்சான் ஒரு பக்கத்தைக் கேலி செய்தால் கொக்கு ஒரு காலைத் தூக்கிக்கொள்ளும். மறுபக்கத்தைக் கேலி செய்த பிறகுதான் அந்தக் காலை இறக்கும். இரண்டு காலும் ஊன்றிய பின்னால்தான் எல்லாம் தண்ணீர் குடிக்கலாம். விதியை மீறினால் கரிச்சான் மருதமரத்தைக் காலிசெய்துவிட்டுப் போய்விட வேண்டும்.

இரண்டு கட்சியும் ஒரே குரலில் சரி என்றன. அவை ஒன்றாகச் சரி என்று சொன்னது அந்த வருஷம் அதுதான் முதல் தடவை.

கரிச்சான் தன் கூட்டைத் திரும்பிப் பார்த்தது. மருதமரத்தின் கவட்டில் இருந்த கூட்டில் இறகு முளைக்காத குஞ்சுகள் வாயைத் திறந்துகொண்டிருந்தன. இப்போது எங்கே போவது?

"ஒரு பக்கம் மட்டும் தப்பு செய்கிற நாளில் என்ன செய்வது, கொக்கண்ணே?" என்று கேட்டது.

"தேடு. கிடைக்கும்" என்றது கொக்கு.

மறுநாள் மாலை கரிச்சான், வெட்டிவேரைப் பிடுங்கும் வாலாயியின் குரலில் பேசியது. "வேர் எதற்கு? கரை தானாகவே நிற்கும். கரைக்குக் காலில்லையா என்ன?" என்றது. கிழக்குக் கரையே உருண்டு உருண்டு சிரித்தது. மேற்குக் கரை உம்மென்று இருந்தது. கொக்கு ஒரு காலைத் தூக்கியது.

எல்லாவற்றுக்கும் தாகம். கரிச்சான் கிழக்குப் பக்கம் தேடியது. அன்றைக்குப் பன்றிகள் தோண்டப் போகவில்லை; மழை மேகம் பார்த்துப் படுத்திருந்தன. கடைசியில் ஒரு பன்றிக்குட்டி பெரிதாக ஏப்பம் விட்டது நினைவுக்கு வந்தது. அதைச் செய்து காட்டியது. மேற்குக் கரை, ஏப்பம் முடியும் முன்னாலேயே சிரித்து முடித்தது. கொக்கு காலை இறக்கியது.

"சமம்" என்றது கொக்கு.

வாலாயிக்கு வர வேண்டிய வெட்கம் பாதியில் நின்றுவிட்டது. நாங்கள் புல்லைப் பிடுங்கினோம், அவர்கள் ஏப்பம் விட்டார்கள், யார்தான் யோக்கியம் என்று தன் கூட்டத்திடம் சொல்லிக்கொண்டு போனது. மறுநாள் இன்னும் கொஞ்சம் வேர் பிடுங்கியது.

அடுத்த முறை பன்றிகள் கரைக்கு அடியில் ஆள் மறையும் குழி தோண்டின. கரிச்சான் கொம்பையனைப் போல் உறுமியது. "என் பாட்டன் தோண்டினான், கரை விழவில்லை. அப்பன் தோண்டினான், விழவில்லை. நான் தோண்டினால் மட்டும் விழுந்துவிடுமா? கரைக்கு மரியாதை தெரியாதா?" என்றது. இந்த முறை மேற்குக் கரை சிரித்தது. கிழக்குக் கரை உம்மென்று இருந்தது. கொக்கு காலைத் தூக்கியது. கரிச்சான் தேடித் தேடி, ஒரு குரங்கின் வால் மரக்கவட்டில் மாட்டிக்கொண்ட கதையைச் சொன்னது.

"சமம்" என்றது கொக்கு.

பிள்ளைகளே, இதைக் கவனியுங்கள். ஊருக்குத் தண்ணீர் தரும் கரையைத் தோண்டுவதும், மரத்தில் வால் மாட்டிக்கொள்வதும் அந்தக் காட்டில் ஒன்றாகிவிட்டன. ஒன்று குற்றம், ஒன்று விபத்து. இரண்டையும் ஒரே காலில் நிறுத்தியவர் நடுநிலையாளர் என்று பெயர் வாங்கிக்கொண்டார். எருமைகள் அவருக்கு வழிவிட்டு நின்றன. மான்கள் தலை தாழ்த்திக் கும்பிட்டன.

நாளாக ஆக, எப்போது சிரிக்க வேண்டும் என்பதைப் பெற்றோர் குட்டிகளுக்குச் சொல்லிக்கொடுத்தன. எதிர்க்கரைப் பெயர் காதில் விழுந்ததும் சிரி. நம் பெயர் விழுந்தால் வானத்தைப் பார். ஒரு குட்டி முயல் தன் கட்சிக் கேலிக்குத் தெரியாமல் சிரித்துவிட்டது. அதன் அம்மா காதைப் பிடித்துத் திருகியது.

அப்புறம் ஒரு கோடைமழை பெய்தது. நல்ல மழை. மடு கழுத்தளவு நிரம்பியது. காடே கூத்தாடியது. கரிச்சான் மட்டும் ஆடவில்லை. கரையின் அடியில், பன்றிகள் தோண்டிய குழியில், நூல் போலத் தண்ணீர் கசிவதை அது மரத்திலிருந்து பார்த்தது. வேர் இல்லாத மண் கட்டி கட்டியாக விழுந்துகொண்டிருந்தது.

அன்று மாலை விலங்குகள் கூடியபோது கரிச்சான் யார் குரலையும் எடுக்கவில்லை. தன் சொந்தக் குரலில் பேசியது. அந்தக் குரலை அங்கே பலர் அதற்கு முன் கேட்டதே இல்லை.

"வேரைப் பிடுங்கியது கை. மண்ணைத் தோண்டியது மூஞ்சி. கரை கசிகிறது. சண்டையை நாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இப்போது எல்லாரும் போய்க் கல்லையும் மண்ணையும் போட்டு அடையுங்கள்."

முள்ளம்பன்றி ஒன்று கரைப் பக்கம் போக எழுந்தது. அதற்குள் வாலாயி வாய் திறந்தது.

"ஏன் எங்களை முதலில் சொன்னாய்?"

"முதலில் சொன்னால் என்ன, உங்களுக்குக் 'கை', எங்களுக்கு மட்டும் 'மூஞ்சி'யா?" என்றது கொம்பையன். "முகம் என்று சொல்ல வாய் வராதா? பார்த்தீர்களா, நான் அன்றைக்கே சொன்னேன்."

எழுந்த முள்ளம்பன்றி உட்கார்ந்துவிட்டது. வாதம் கிளம்பியது. கை பெரிய வசவா, மூஞ்சி பெரிய வசவா என்று இருட்டும் வரை பேசின. கசிவு கூப்பிடு தூரத்தில்தான் இருந்தது. ஒன்றுகூடப் போய்ப் பார்க்கவில்லை. பார்த்தால் எதிர்க்கட்சி சொன்னதை ஒப்புக்கொண்டது போல் ஆகிவிடும் அல்லவா?

கொக்கு தீர்ப்புச் சொன்னது. சிரிப்பு வராத கேலி கேலியில் சேராது. ஒரே மூச்சில் இரண்டு பக்கத்தையும் சொன்னால் எந்தக் காலைத் தூக்குவது என்று தனக்கே தெரியவில்லை. ஆகவே விதி மீறப்பட்டது. கரிச்சான் மரத்தைக் காலிசெய்ய வேண்டும்.

இரண்டாம் தடவையாக இரண்டு கட்சியும் ஒரே குரலில் சரி என்றன.

கரிச்சான் குஞ்சுகளைக் கிளை கிளையாகத் தாவ வைத்து, தூரத்தில் இருந்த ஒரு வேங்கைமரத்துக்கு அழைத்துப் போனது. கடைக்குட்டிக்கு இன்னும் சிறகு வலுக்கவில்லை. கூட்டின் விளிம்பில் நின்று கத்தியது, தாவவில்லை. பொழுது புலர்ந்ததும் வந்து இன்னொரு முறை கூப்பிட்டுப் பார்க்கலாம் என்று கரிச்சான் நினைத்தது.

பொழுது புலரும் முன் கரை உடைந்தது. மருதமரம் வேரோடு சாய்ந்தது. மடுத் தண்ணீர் முழுவதும் பள்ளத்தில் இறங்கி, கல்லிலும் மணலிலும் காணாமல் போனது. கவட்டில் இருந்த கூடு என்ன ஆயிற்று என்று யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும், எந்தக் கட்சிக் குஞ்சு என்றுதான் முதலில் கேட்டிருப்பார்கள்.

வெயில் ஏறியது. விலங்குகள் வந்து நின்றபோது மடுவில் சேறு மட்டும் இருந்தது. சேற்றில் விரால்கள் துள்ளின. கொக்கு இரண்டு காலையும் அகல ஊன்றிக்கொண்டு, அவசரமில்லாமல் ஒவ்வொன்றாக விழுங்கிக்கொண்டிருந்தது. இப்போது எந்தக் காலையும் தூக்க வேண்டிய வேலை அதற்கு இல்லை.

தாகத்தில் நாக்கு வெளியே தொங்கியபோதும் இரண்டு கட்சிகளும் சண்டையை விடவில்லை. வேர் போனதால்தான் உடைந்தது என்றது கிழக்கு. தோண்டியதால்தான் உடைந்தது என்றது மேற்கு. அப்போது கரிச்சான் வந்து, சாய்ந்து கிடந்த மருதமரத்தின் மேல் உட்கார்ந்தது.

கொம்பையனுக்குக் குரல் கம்மியிருந்தது. "வந்தாயா, தம்பி. பழசை மறந்துவிடு. அந்த மந்தி என்ன செய்தாள் என்று நாலு பேருக்கு முன்னால் ஒருமுறை செய்து காட்டு. காடே சிரிக்கட்டும்."

"அந்தப் பன்றியைச் செய்து காட்டு" என்றது வாலாயி. "உனக்குத்தான் அது நன்றாக வரும்."

கரிச்சான் இரண்டையும் பார்த்தது. கிழக்குக் கரையைப் பார்த்தது, வெடித்துக் கிடந்தது. மேற்குக் கரையைப் பார்த்தது. அதுவும் வெடித்துக் கிடந்தது. பிறகு தொண்டையைச் சரிசெய்துகொண்டு, கொக்கின் குரலில் ஒரே ஒரு வார்த்தை சொன்னது.

"சமம்."

தன் குரலைக் கேட்டுக் கொக்கு ஒரு கணம் தலையைத் தூக்கியது. பிறகு அடுத்த விராலுக்குக் குனிந்தது. இரண்டு கரையிலும் ஒன்றும் சிரிக்கவில்லை.

நீதி: கேலியில் தன் பெயர் எத்தனை முறை வந்தது என்று எண்ணுகிறவன், அந்தக் கேலி காட்டிய உடைப்பைக் காணமாட்டான்; தண்ணீர் போன பிறகு தாகத்துக்குக் கட்சி கிடையாது.