நூறு இலைக்கு ஒரே குத்து

ஊசியப்பன் என்ற முள்ளம்பன்றிக்கு முதலில் துரோகம் செய்தது மினுக்கன் நரிதான். மற்றவர்கள் செய்ததெல்லாம் அதற்குப் பிறகு. எப்போது கேட்டாலும் ஊசியப்பன் வரிசை மாறாமல் சொல்லும்.

அந்தக் காட்டுக்கு ஒற்றைக்கொம்பன் யானை ராஜா. மினுக்கன் அதன் மந்திரி. காட்டு நடுவே இருந்த மடுவை ஆழமாக்க ராஜாவுக்கு ஆசை வந்தது. தோண்டுகிற பன்றிகளுக்குக் கூலியாகக் கிழங்கு கொடுக்க வேண்டும். ராஜாவின் குகையிலோ கிழங்கு இல்லை.

மினுக்கன் நேரே ஊசியப்பனின் வளைக்கு வந்தது. கோடைக்கென்று நாற்பது வள்ளிக்கிழங்கை அங்கே அடுக்கி வைத்திருந்தது ஊசியப்பன்.

"ஊசியண்ணே! எல்லாத்தையும் ராஜாவுக்குக் கொடு. கோடை பிறந்ததும் திரும்பி வந்துடும்!"

"எதை நம்பிக் கொடுக்க?"

நரி நாற்பது தேக்கிலைகளை நீட்டியது. ஒவ்வொன்றிலும் ராஜாவின் கொம்பு குத்திய துளை ஒன்று இருந்தது. "இலைக்கு ஒரு கிழங்கு. ராஜா கொம்பைவிடப் பெரிய சாட்சி வேணுமா?"

ஊசியப்பன் கொடுத்தது.

மற்றவர்களிடமும் இப்படியே கிழங்கு வாங்க, ஒவ்வொரு இலையாகக் குத்திக் குத்தி ராஜாவுக்குக் கழுத்து வலித்தது. அந்த வலி இருந்தவரை காட்டுக்கு ஆபத்தில்லை. ஒருநாள் மினுக்கன் சொன்னது: "எதுக்கு ராஜா இந்தச் சிரமம்? இலைகளை அடுக்கி வெச்சுக் குத்துங்க. நூறு இலைக்கு ஒரே குத்து!"

வலி போனது. இலை குவிந்தது. இத்தனை இலையை என்ன செய்வது? மினுக்கன் பாறைமேல் ஏறிக் கூவியது: "யார் வேண்டுமானாலும் இலை கடன் வாங்கலாம்! முன்பு பத்துக்குப் பதினொன்றாகத் திருப்ப வேண்டியிருந்தது. இனிமேல் பத்துக்குப் பத்தே போதும். அதுவும் இரண்டு மழை கழித்து!"

காடே திரண்டு வந்தது. குரங்குகள் வாங்கிய இலையில் தூக்கணாங்குருவிகளுக்குக் கூலி கொடுத்து மரத்துக்கு மரம் ஊஞ்சல் பின்னிக்கொண்டன. மயில் ஆடுவதற்குத் தனி மேடை கட்டியது. பன்றிகள் கிழங்கு தோண்டுவதையே விட்டுவிட்டன. "கையில் இலை இருக்கும்போது மூக்கில் மண் எதுக்கு?" என்றன. தோண்ட ஆளில்லாததால் ஒரு கிழங்கு மூன்று இலைக்கு விற்றது. பிறகு ஐந்து இலை. எல்லாரிடமும் இலை நிறைய இருந்ததால், எல்லாரும் தங்களைப் பணக்காரர்கள் என்றே நினைத்தார்கள்.

வாங்காதது ஒரே ஒரு பிராணி. கொத்தாயி என்ற காட்டுக்கோழி. ஒன்பது குஞ்சுகளை வைத்துக்கொண்டு விடிந்தது முதல் சருகைக் கிளறும்.

"ஏ கொத்தாயி! இன்னும் குப்பையைத்தான் கிளறுறியா?" என்று ஊஞ்சலிலிருந்து கிழட்டுக் குரங்கு கேலி செய்தது. "நாலு இலை வாங்கிப் போடேன்!"

"கொத்திப் பார்த்துட்டேன் மாமா. உள்ளே புழு இல்லை!"

கோடை பிறந்தது. ஊசியப்பன் தன் நாற்பது இலைகளோடு மந்திரியிடம் போனது. "என்ன அவசரம் அண்ணே? நாற்பதுக்கு ஐம்பதா வெச்சுக்கோ. அடுத்த கோடைக்கு வா!" என்றது நரி. ஊசியப்பனுக்கும் ஆசை விடவில்லை. ஐம்பது இலையை வாங்கிக்கொண்டது. மரப்பட்டையைக் கடித்தே அந்தக் கோடையை ஓட்டியது.

அடுத்த கோடையில் வளையில் இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. மரப்பட்டை தின்ற தாய்க்குப் பால் வற்றிவிட்டது. ஊசியப்பன் ஐம்பது இலையோடு மடுவுக்கு ஓடியது. அன்று சபை கூடியிருந்தது. எல்லார் கையிலும் இலைக்கட்டு இருந்தது. யாருக்கும் வாய் திறக்கத் தைரியமில்லை.

அப்போது கொத்தாயி முன்னால் போய் நின்றது. ராஜாவின் நகத்தைவிடக் கொஞ்சம்தான் பெரிய உருவம்.

"ராஜா, ஒரு சின்ன ஆசை. என் குஞ்சுங்க கிழங்குக் குவியலைப் பார்த்ததே இல்லை. குகையைத் திறந்து காட்டுங்களேன்!"

மினுக்கன் சீறியது. "ஒரு இலைகூட இல்லாத உனக்கு எதுக்கு இந்தக் கேள்வி?"

"இலை வெச்சிருக்கிறவங்க கேட்கப் பயப்படுறாங்க. எனக்குப் போறதுக்கு ஒண்ணுமில்லை. அதனால நான் கேட்கிறேன்!"

ராஜாவின் காதுகள் அசைவதை நிறுத்தின. சபையிலிருந்த கரடி போய்க் குகைக்கல்லைப் புரட்டியது. உள்ளே மூன்று அழுகல் கிழங்கும், இன்னும் துளை போடாத தேக்கிலைக் கட்டுகளும்தான் இருந்தன.

ஒரே கூச்சல்! இருக்கிற கிழங்கை வாங்க எல்லாரும் ஓடினார்கள். ஒரு கட்டு இலைக்கு ஒரு வேர்கூடக் கிடைக்கவில்லை. ஊஞ்சலை யாரும் இலவசமாகக்கூடக் கேட்கவில்லை. மான்கள் தங்கள் இலைகளைத் தாங்களே மென்றன. இந்தக் களேபரத்தில் மினுக்கன் அடுத்த காட்டுக்கு நழுவிவிட்டது.

நரி கிடைக்காத ஆத்திரம் கோழிமேல் திரும்பியது. "நீ கேட்டதாலதான் எல்லாம் போச்சு!" என்று கரடி கையை ஓங்கியது.

கொத்தாயி ஓர் இறகுகூட அசைக்கவில்லை. "பானையை ஓட்டை போட்டது யாரோ. நான் தண்ணி ஊத்திப் பார்த்தேன், அவ்வளவுதான். என்னை அடிச்சா ஓட்டை அடைபடுமா?"

கரடியின் கை இறங்கியது. ஊசியப்பனின் முட்களும் தாமாகப் படிந்தன. ஒரு வருஷமாகச் சிலிர்த்தே இருந்த முட்கள் அவை. இவ்வளவு சின்ன உடம்பில் இவ்வளவு நெஞ்சுரமா என்று அது வாய் பிளந்து நின்றது.

சபை கலைந்ததும் கொத்தாயி அதன் பக்கத்தில் வந்தது. "ஊசியண்ணே, இலையை எண்ணினது போதும். எழுந்து வா!"

ஓடைச் சரிவுக்குக் கூட்டிப்போய்ச் சருகை விலக்கியது. அடியில் காய்ந்த வள்ளிக்கொடிகள் கிடந்தன. "பன்றிங்க ஒரு வருஷமா இங்கே தோண்டவே இல்லை. கிழங்கெல்லாம் மண்ணுக்குள்ளேயே இருக்கு. என் நகம் எட்டாது, உன் நகம் எட்டும்!"

ஊசியப்பன் தோண்டியது. தொடை பருமனில் கிழங்கு வந்தது. தாய்க்குப் பால் ஊறியது. குட்டிகள் பிழைத்தன.

"உனக்கு நான் என்ன தரணும் கொத்தாயி?"

"நீ புரட்டின மண்ணில் என் குஞ்சுங்க புழு தின்னுடுச்சு. கணக்கு இப்பவே தீர்ந்தது!"

அப்படிச் சொன்ன பிராணி அந்தக் காட்டிலேயே அது ஒன்றுதான்.

இப்போதும் முதல் மழை விழுந்ததும் ஊசியப்பன் மடுவுக்குப் போகும். கையிலுள்ள இலைகள் வெறும் நரம்பாகிவிட்டன. எது ராஜா போட்ட துளை, எது செல் அரித்த துளை என்று தெரியாது. இருந்தாலும், "ராஜா, என் ஐம்பது!" என்று முள் சிலிர்த்துக் கத்தும். ராஜா தும்பிக்கையைத் தண்ணீருக்குள் விட்டுக்கொண்டு, "அடுத்த மழைக்கு!" என்னும்.

குகைக்குள் கிழங்கில்லாமல் கொடுக்கிற வாக்கும், வட்டியில்லாமல் கிடைக்கிற கடனும் கோடை வந்தால் வெறும் சருகு. மண்ணைக் கிளறுகிற கால்தான் குஞ்சைக் காக்கும்.