பேருக்குப் பின்னால் கொஞ்சம் இடம்

"திரும்பிப் பார்க்க வைக்கிற மாதிரி ஒரு பேர் வேணும்மா," என்றார் சீடர்.

"யாரை?" என்றாள் குரு.

"ரோட்டுல போற எல்லாரையும்தான்."

குரு பிரஷ்ஷை மண்ணெண்ணெயில அலசிக்கிட்டே இருந்தா.

இங்க ஒண்ணு சொல்லிடறேன். குருவுக்கு வயசு முப்பத்தெட்டு. பேரு பவுனு. பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி தகரக் கொட்டகையில கடை போர்டு எழுதுறவ. எங்க ஊர்ல புதுக் கடைக்கு அவகிட்டதான் பேர் கேட்பாங்க. சீடருக்கு ஐம்பத்தேழு. பேரு கலியமூர்த்தி. இருபத்திரண்டு வருஷம் துபாய்ல கிரேன் ஓட்டிட்டு வந்து, இப்ப டீக்கடை வைக்கப் போறவரு. குருன்னா தாடி இருக்கணும்னு நினைக்கிறவங்க வேற கதை பாத்துக்குங்க.

கலியமூர்த்தி பையிலேர்ந்து ஒரு தாளை எடுத்தாரு.

"ராயல் கல்ஃப் டீ பேலஸ்."

"நீங்க ராஜாவா?"

"இல்லம்மா."

"அடுத்தது."

"டெசர்ட் கிங் கஃபே."

"அங்க ராஜாவா இருந்தீங்களா?"

"கிரேன்தான் ஓட்டினேன்."

பவுனு அந்தத் தாளை வாங்கி மடிச்சு, ஸ்டூல் மேல போட்டு, அது மேல தன் டீ கிளாஸை வெச்சா.

"அண்ணே, யாரு திரும்பிப் பாக்கணும்?"

கலியமூர்த்தி பையைக் கீழ வெச்சாரு.

"என் மக," என்றாரு. "வெண்மதி. தாலுகா ஆபீஸ்ல வேலை. தினம் காலையில எட்டு நாப்பது பஸ்ஸுக்கு என் கடைக்கு நேர் எதுத்தாப்புல நிக்கிறா. அதுக்காகத்தான் அந்தக் கடையையே பிடிச்சேன். அங்க படுத்திருக்கிற நாயைப் பாக்குறாம்மா. என்னைப் பாக்க மாட்டேங்குறா."

"பேச்சு இல்லியா?"

"மூணு வருஷமாச்சு. அவங்கம்மா செத்ததுக்கு நான் பதினாறாம் நாள் காரியத்துக்குத்தான் வந்து சேர்ந்தேன். அன்னிக்கு அவங்க மாமா வீட்டுக்குப் போனவதான்." "கடல் தாண்டி இருந்தப்போகூட இவ்வளவு ஏக்கமா இல்லம்மா. இப்ப நடுவுல ஒரு தார் ரோடுதான். தாங்க முடியல."

"சின்னதுல பேசுவாளா?"

"பேசுவாளாவா! வெள்ளிக்கிழமை போன் பண்ணா விடவே மாட்டா. டீச்சர் கதை, பூனைக்குட்டி கதை, எல்லாம் தீந்து போகும். ஆனா வைக்க மனசு வராது அவளுக்கு. 'அப்புறம்ப்பா?'ம்பா. நான் ஏதாவது சொல்வேன். மறுபடி 'அப்புறம்?'ம்பா."

"நீங்க என்ன சொல்லி வைப்பீங்க?"

கலியமூர்த்தி பையைத் தூக்கித் தோள்ல மாட்டிக்கிட்டாரு.

"சொல்லுங்கண்ணே."

"நாங்க தங்கியிருந்த கேம்புல ஒரே போன். பின்னாடி வரிசையா ஆள் நிப்பாங்க..." குரல் இறங்கிப் போச்சு. "'அப்புறம் பேசறேன்'னு சொல்லுவேன்."

"அதே சொல்லா?"

"அதே சொல்லுதான்."

பவுனு எழுந்து ஒரு தகரப் பலகையைத் தூசி தட்டினா.

"ஞாயித்துக்கிழமை மாட்டிடலாம். போய்ட்டு வாங்க."

ஞாயித்துக்கிழமை போர்டு மேல ஏறிச்சு. ஒரே ஒரு சொல்லு.

அப்புறம்

"அடிப்பாவி!" கலியமூர்த்தி தலையில கை வெச்சுக்கிட்டாரு. "என்னம்மா இது? வேலைக்கு டிமிக்கி குடுக்கிறவன் சொல்ற சொல்லு! இதைப் போய் கடைக்கு வெப்பாங்களா? ஊர்ல எல்லார் வாயிலயும் கிடக்குற சொல்லும்மா. நாளைக்கே எவன் வேணா வெச்சுக்குவான்."

"வெச்சுக்கட்டும். எல்லாருமா உங்களுக்குத் திரும்பணும்?"

அவரு கழுத்தைச் சாய்ச்சுப் பாத்தாரு.

"எழுத்து இடது பக்கமா ஒதுங்கியிருக்கே. பின்னால சும்மா கிடக்கே ஒரு முழம். எதையோ எழுத மறந்துட்டியா?"

"மறக்கல."

"அப்ப எழுதிடேன்."

"அதை நான் எழுதக் கூடாதுண்ணே," என்றா பவுனு. ஏணியை மடக்கித் தோள்ல போட்டுக்கிட்டுப் போயிட்டா.

திங்கக்கிழமை ஊரே கிண்டல் பண்ணிச்சு. "என்ன அண்ணே, டீ இப்பவா அப்புறமா?" வந்தவன் எல்லாம் இதையே கேட்டான். கேட்டுட்டு டீயும் குடிச்சான்.

எட்டரைக்கு வெண்மதி வந்தா. நாயைப் பாத்தா. போனைப் பாத்தா. தலை நிமிந்துச்சு. போர்டைப் படிச்சா.

பஸ் வந்துச்சு. ஏறிப் போயிட்டா.

செவ்வாய், புதன், வியாழன். அதே கதைதான். படிப்பா. போயிடுவா.

வியாழக்கிழமை மத்தியானம் கலியமூர்த்தி கொட்டகைக்கு ஓடினாரு.

"ஏறிப் போயிடறாம்மா!"

"பாத்தாளா?"

"பாத்தா. தினம் பாக்குறா."

"அப்புறம்?" என்றா பவுனு.

சொல்ல ஒண்ணும் இல்ல. ஆனாலும் அவரு எழுந்து போகல. மக நீலச் சுடிதார்ல வந்ததைச் சொன்னாரு. பவுனு மறுபடி "அப்புறம்?"னா. நடக்கும்போது அவங்கம்மா மாதிரியே இடது கையை மட்டும் வீசுறான்னு சொன்னாரு. "அப்புறம்?" பூனைக்குட்டி செத்த அன்னிக்கு அவ போன்ல அழுததைச் சொன்னாரு. அழுது முடிக்கிறதுக்குள்ள தான் போனை வெச்சதையும் சொன்னாரு. சொல்லும்போது அவரே அழுதாரு. பவுனு கையில பெயிண்ட் காய்ஞ்சு போச்சு. அவ கழுவக்கூட எழுந்திரிக்கல.

மறுநாள் வெள்ளிக்கிழமை. எட்டு நாப்பது பஸ் வந்து நின்னு, ஆளை ஏத்திக்கிட்டு நகர்ந்துச்சு. கலியமூர்த்தி வழக்கம்போலத் தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. நிமிந்தப்போ பஸ் இல்ல. வெண்மதி அங்கேயே நின்னுக்கிட்டிருந்தா.

ரோட்டைத் தாண்டினா. கடைக்கு முன்னாடி வந்து நின்னா. அவரைப் பாக்கல, போர்டைத்தான் பாத்தா. அடுப்புல பால் பொங்கி வழிஞ்சுது. அவரு இறக்கி வைக்கல.

"தப்பா எழுதியிருக்கு," என்றா.

"என்னம்மா தப்பு?"

"இதுக்குப் பின்னால ஒரு கேள்விக்குறி இருக்கும். எங்கேப்பா அது?"