கால் மாத்திரை

பொதிகை மலை அடிவாரத்தில் சண்முகவடிவு என்ற ஞானி ஓர் ஆசிரமம் நடத்திவந்தார். அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை. சீடர்களில் மூத்தவரான ஆவுடையப்பனுக்கு அறுபத்திரண்டு. ஓய்வுபெற்ற நில அளவையர். குரு அவரை அண்ணாச்சி என்பார். அவர் குருவை அம்மா என்பார்.

தியானத்தில் ஆவுடையப்பனைப் போல அசையாமல் உட்கார யாராலும் முடியவில்லை. மற்ற சீடர்களுக்கு அதில் கொஞ்சம் பொறாமை. உண்மையில் அவர் தூக்க மாத்திரை மயக்கத்தில் இருந்தார்.

மனைவி இறந்து தூக்கமில்லாமல் தவித்தபோது, பத்து நாளைக்கு என்று மருத்துவர் எழுதிக்கொடுத்த மாத்திரை அது. பதினோராம் நாள் பழைய சீட்டையே காட்டி வாங்கினார். ஆறு வருஷத்தில் ஒன்று நான்காயிற்று. பகலிலும் வேண்டியிருந்தது.

ஒருநாள் மகள் கோமதி இரண்டு வயதுப் பேத்தியை அவரிடம் விட்டுவிட்டுக் கடைக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவர் நாற்காலியில் வாய் பிளந்து கிடந்தார். குழந்தையைக் காணோம். தெருக்கோடியில் கால்வாய்க்கு இரண்டடி தள்ளி, துணி துவைக்க வந்தவள் ஒருத்தி குழந்தையை இடுப்பில் தூக்கி வைத்திருந்தாள். கோமதி சண்டை போடவில்லை. அன்றே குழந்தையோடு கணவன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

மறுநாள் காலை ஆவுடையப்பன் வீட்டிலிருந்த மாத்திரை அட்டைகளையெல்லாம் ஒரு பையில் போட்டுக் குருவின் முன் வைத்தார். நடந்ததைச் சொன்னார். ஆசிரமத்துக்கு வந்த இந்த மூன்று வருஷத்தில் தான் ஒருநாளும் தியானம் செய்ததில்லை என்பதையும் சொன்னார்.

“இப்பவே இதை ஆத்துல வீசிடுதேன் அம்மா. இனி தொட மாட்டேன்.”

“முன்னாடி அப்படி வீசியிருக்கீங்களா?”

வீசியிருந்தார். மூன்றாம் நாள் வலிப்பு வந்து விழுந்து, நெற்றியில் ஏழு தையல்.

சண்முகவடிவு பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஆற்றுப் பக்கம் போகவில்லை. ஆவுடையப்பனைப் பேருந்தில் ஏற்றித் தென்காசியில் ஒரு மருத்துவரிடம் கூட்டிப்போனார். சட்டென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து என்ற மருத்துவர், இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கால் மாத்திரை வீதம் குறைக்கச் சொல்லி எழுதிக்கொடுத்தார்.

திரும்பும் வழியில் ஆவுடையப்பனுக்கு அவமானமாக இருந்தது.

“ஞானம் தேடி வந்தவன் நான். எனக்குக் கால் மாத்திரையா அம்மா?”

“இப்போதைக்கு அதுதான் உங்க தியானம்.”

அன்றிலிருந்து அவர் ஆசிரமத்திலேயே தங்கினார். மாத்திரைகள் குருவிடம் இருந்தன. தினமும் அவரே உடைத்துக் கொடுத்தார். ஆவுடையப்பனுக்குக் கை நடுங்கியது, வியர்த்துக் கொட்டியது, சிறு சத்தமும் பொறுக்கவில்லை. அவர் மற்றவர்களிடமும் உண்மையைச் சொல்லிவிட்டார். அவர்கள் முறைவைத்துப் பக்கத்தில் இருந்தார்கள். நான்காம் மாதம், செத்துப்போன மனைவிக்காக முதல்முறையாக அழுதார்.

ஆறாம் மாதம் சந்தைக்குப் போன இடத்தில் திருட்டுத்தனமாக மாத்திரை வாங்கி விழுங்கிவிட்டார். விடிந்ததும் குருவிடம் வந்து நின்றார்.

“ஆறு மாசப் பாடும் வீணாப் போச்சு அம்மா.”

“முதல்ல என்கிட்ட உண்மையைச் சொல்ல உங்களுக்கு எவ்வளவு காலம் ஆச்சு?”

“மூணு வருஷம்.”

“இப்போ?”

“ஒரு ராத்திரி.”

“செருப்பைப் போடுங்க. டாக்டரைப் பாத்துட்டு வந்துடுவோம்.”

பத்தாம் மாதம் கடைசிக் கால் மாத்திரையும் நின்றது. அன்றிரவு மாத்திரை இல்லாமல் அவர் தூங்கியது நான்கு மணி நேரம். காக்கைச் சத்தத்தில் கண்விழித்தவர், அறை அறையாகப் போய் அதைச் சொன்னார். சமையற்கட்டிலிருந்த பெண்கள் குலவையிட்டார்கள்.

செய்தி கேட்டுக் கோமதி குழந்தையோடு வந்தாள். மூன்று நாள் அப்பாவைத் தள்ளி இருந்தே கவனித்தாள். நான்காம் நாள் நடுப்பகலில், குழந்தையை அவர் மடியில் வைத்துவிட்டு ஆற்றுக்குக் குளிக்கப் போனாள்.

சற்று நேரத்தில் குரு அந்தப் பக்கம் வந்தார். ஆவுடையப்பனின் கண்கள் நிறைந்திருந்தன. குரல் உயர்ந்தது.

“அம்மா, நான் மறுபடியும் விழுந்துட்டேன்னா?”

“மெதுவாப் பேசுங்க அண்ணாச்சி. பிள்ளை தூங்குது.”