நாரையின் குரல் போன மத்தியானம்

அந்தக் காலத்தில் பறவைகளுக்கு நம்மைப் போலவே பேச்சு வரும். கோழி குறை சொல்லும், வாத்து வம்பளக்கும், ஜனங்கள் காதில் வாங்கிக்கொண்டே வேலையைப் பார்ப்பார்கள். ஜெர்மனி நாட்டின் வடக்கே, சதுப்பு நிலத்தின் ஓரத்தில் வைடன்மூர் என்று ஒரு சின்ன ஊர் இருந்தது. மொத்தமே பதினேழு வீடுகள். மரச்சட்டம் நிறுத்தி இடையில் களிமண் அப்பிய சுவர்கள், மேலே நாணல் கூரை. ஒரு கூரையில் பொறி விழுந்தால் பதினேழும் சாம்பல்தான்.

அதனால் ஊரில் ஒரு கட்டுப்பாடு உண்டு. வீட்டு அடுப்பில் கஞ்சி காய்ச்சலாம், சூப் வைக்கலாம், ரொட்டி மட்டும் சுடக் கூடாது. அதற்குக் குவியல் குவியலாகத் தணல் வேண்டுமே! ரொட்டிக்கென்று குளத்தங்கரையில் பொது அடுப்பு ஒன்று கட்டி வைத்திருந்தார்கள். சனிக்கிழமை தோறும் எல்லா வீட்டு மாவும் அங்கே போகும். மீறினவர் வீட்டில் ஒரு வருடம் அடுப்பே மூட்டக் கூடாது. இடுப்பளவு பனி கொட்டுகிற ஊரில் அது எப்பேர்ப்பட்ட தண்டனை என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அந்த ஊரில் வண்டிச் சக்கரம் செய்கிறவன் ஓஸ்வால்ட். அவன் மனைவி ஹெட்விக். கைக்குழந்தை ஒன்று, பெயர் யோஸ்ட். ஹெட்விக் நல்லவள்தான், ஆனால் மூக்குக்கு மேலே கோபம். அவள் கோபத்திலும் நியாயம் இருந்தது. பொது அடுப்பில் முதலில் சுடுகிறவருக்குத்தான் செலவு அதிகம். ஜில்லிட்டுக் கிடக்கிற அடுப்பைச் சூடேற்றியே ஒரு சுமை விறகு தீர்ந்துவிடும். பிறகு வருகிறவர்களுக்கு ஒரு கை சுள்ளி போதும். யார் முதலில் என்று சீட்டுப் போட வேண்டும் என்பது வழக்கம். ஆனால் ஊர்ப் பெண்கள் என்ன செய்வார்கள் தெரியுமா? "உனக்கென்னம்மா, வீடு பூரா மரச்சீவல். நீயே மூட்டிடு" என்று சிரித்துக்கொண்டே அவள் தலையில் கட்டிவிடுவார்கள். வாராவாரம் இதே கதை.

"நான் மட்டும் என்ன இளிச்சவாயா?" என்று ஒருநாள் ஹெட்விக் வீட்டுக்குள்ளேயே மாவைப் பிசைந்தாள். இரும்புச் சட்டியில் மாவை வைத்து மூடி, மேலும் கீழும் தணலைக் குவித்தாள். ரொட்டி பொன்னாக வந்தது.

"என்ன ஹெட்விக், வாசனை ஊரைத் தூக்குது?" என்று புகைபோக்கி வழியாக ஒரு குரல் கேட்டது.

தூக்கிவாரிப்போட்டது அவளுக்கு. கூரை முகட்டில் கூடு கட்டியிருந்த செங்கால் நாரை அது. அடபார் என்று பெயர். அதற்குக் குரல் என்றால் அப்படி ஒரு குரல்! வசந்தத்தில் தெற்கேயிருந்து திரும்பி வந்து, கடலையும் பாலைவனத்தையும் பற்றி அது சொல்ல ஆரம்பித்தால் ஊரே வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து நிற்கும். ஆனால் பார்த்ததை மறைக்கத் தெரியாது. பொய் அதன் வாயில் வராது.

"அடபார், யார்கிட்டயும் சொல்லிடாதே. உனக்குப் புண்ணியமாப் போகும்."

"சரி, சொல்லலை. ஆனா ஜாக்கிரதை. என் குஞ்சுங்க மூணும் இந்தக் கூரையிலதான் இருக்கு, இன்னும் சிறகு முளைக்கலை."

இதோடு விட்டிருக்கலாம். ஹெட்விக்குக்கு மனம் ஆறவில்லை. விஷயம் வெளியில் தெரிந்து அடுப்பை அணைத்துவிட்டால் வரப்போகிற பனியில் குழந்தை என்ன ஆகும் என்ற பயம் அரித்தது. மறுநாள் ஊர் நடுவில் இருக்கும் லிண்டன் மரத்தடிக்கு நாரையை அழைத்தாள். வழக்கு விசாரணை எல்லாம் நடக்கிற மரம் அது. அதன் அடியில் எதன்மேல் சத்தியம் செய்கிறோமோ, சத்தியம் தவறினால் அது போய்விடும். எல்லைக்கல்லை நகர்த்தவில்லை என்று கட்டைவிரல் மேல் பொய்ச்சத்தியம் செய்த ருப்ரெஷ்டின் விரல் எட்டே நாளில் சூம்பிப்போனதை ஊரே பார்த்திருக்கிறது.

"என் வீட்டுக்குள்ள எதைப் பார்த்தாலும், எதுவா இருந்தாலும், வாயைத் திறக்க மாட்டேன்னு உன் குரல் மேல சத்தியம் பண்ணு" என்றாள்.

"எதுவா இருந்தாலுமா?" என்று நாரை தயங்கியது. "யோசிச்சுத்தான் கேக்கறியா?"

"ஆமாம், எதுவா இருந்தாலும்!"

நாரை செய்து கொடுத்துவிட்டது. தங்க இடம் கொடுத்த வீட்டுக்காரி கெஞ்சும்போது அது வேறு என்ன செய்யும்?

குளிர்காலத் தீவனத்துக்குப் புல் அறுக்கிற காலம் வந்தது. குஞ்சு குளுவான் உட்பட ஊரே புல்வெளிக்குப் போயிருந்தது. ஹெட்விக் காலையில் ரொட்டி சுட்டாள். தணலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு, தொட்டிலில் யோஸ்ட் அயர்ந்து தூங்குவதைப் பார்த்தாள். ஒரு எட்டுப் போய் ஓஸ்வால்டுக்குச் சாப்பாடு கொடுத்துவிட்டு வந்துவிடலாம் என்று கிளம்பினாள். தணல் பக்கத்திலேயே மரச்சீவல் கூடை இருந்ததை அவள் கவனிக்கவே இல்லை. பாவி, கொஞ்சம் திரும்பிப் பார்த்திருக்கக் கூடாதா?

புல்வெளியில் அவள் மூட்டையைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அப்போது ஊர்ப்பக்கத்திலிருந்து அடபார் பறந்து வந்தது. தலைக்கு மேலே வந்து கத்தியது.

"ஹெட்விக்! உன் வீட்டுல—"

அவ்வளவுதான். சத்தம் பாதியில் நின்றுபோனது. நாரை திறந்த வாயோடு தரையில் இறங்கி நின்றது. தொண்டை ஏறி இறங்குகிறது, சத்தம் வரவில்லை. ஹெட்விக்குக்கு உடனே புரிந்தது. சத்தியத்தை மீறிவிட்டது. குரல் போகும் என்று தெரிந்தும் மீறியிருக்கிறதென்றால், ஐயோ, அங்கே என்ன ஆயிற்று? நாரை கழுத்தைப் பின்னால் சாய்த்து, மேல் அலகையும் கீழ் அலகையும் படபடவென்று அடித்தது. கட்டையோடு கட்டை மோதுகிற மாதிரி வெளி முழுக்க அந்தச் சத்தம். அறுத்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள். ஊருக்கு மேலே புகை எழும்பிக்கொண்டிருந்தது.

"யோஸ்ட்!" என்று அலறிக்கொண்டு ஓடினாள் ஹெட்விக்.

வாசல் பக்கம் நெருங்க முடியவில்லை. ஓஸ்வால்ட் பின்சுவரை உதைத்தான். சட்டங்களுக்கு நடுவில் களிமண் பெயர்ந்து விழுந்தது. அந்த ஓட்டை வழியாக ஹெட்விக் உள்ளே தவழ்ந்துபோய்க் குழந்தையை வாரிக்கொண்டு வந்தாள். யோஸ்ட் இருமினான், பிறகு வீறிட்டு அழுதான். அந்த அழுகையைக் கேட்ட பிறகுதான் அவளுக்கு மூச்சு வந்தது. ஊர்க்காரர்கள் குளத்திலிருந்து வாளி வாளியாக இறைத்து மற்ற பதினாறு வீடுகளையும் காப்பாற்றிவிட்டார்கள்.

அப்போது பெரிய சத்தத்தோடு கூரை முகடு உள்ளே சரிந்தது.

ஹெட்விக் நிமிர்ந்து பார்த்தாள். முகட்டின் மேலே ஒரு கூடு இருந்தது. கூட்டுக்குள் மூன்று குஞ்சுகள் இருந்தன. அவளுக்கு அது அந்த நிமிஷம்தான் நினைவுக்கு வந்தது. நாரை பக்கத்து வீட்டு முகட்டில் நின்று முகடு சரிந்த பள்ளத்தையே பார்த்துக்கொண்டிருந்தது.

சாயங்காலம் லிண்டன் மரத்தடியில் ஊர் கூடியது. ஊர்த்தலைவர் கொன்ராட் நாரையைக் கேட்டார்.

"அடபார், உன் கண்ணுக்குத் தப்பாது. தீ எப்படிப் பிடிச்சது, சொல்லு."

நாரை வாயைத் திறந்தது. படபடவென்று அலகு அடித்துக்கொண்டது. அந்தக் குரலைக் கேட்டு வளர்ந்த ஊர்க்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"அதைக் கேக்காதீங்க ஐயா" என்று குழந்தையோடு ஹெட்விக் முன்னால் வந்தாள். "இனிமே அது பேசாது. நான்தான் வீட்டுல ரொட்டி சுட்டேன். வெளியில சொல்லக் கூடாதுன்னு இதே மரத்தடியில அதோட குரல் மேல சத்தியம் வாங்கிக்கிட்டேன். என் பிள்ளையக் காப்பாத்த அது குரலையும் விட்டுது, குஞ்சுங்களையும் விட்டுது. என் அடுப்பை அணைச்சுடுங்க."

வாராவாரம் அவள் தலையில் கட்டிச் சிரித்த பெண்கள் தரையைப் பார்த்தார்கள்.

"அடுப்பே இல்லையே அம்மா, எதை அணைக்கிறது?" என்றார் கொன்ராட். "தண்டனை யாருக்குப் போய்ச் சேர்ந்திருக்குன்னு பாரு."

ஆவணியில் நாரை வழக்கம்போலத் தெற்கே பறந்துபோனது. போகிறேன் என்று சொல்லக்கூட அதற்கு வாயில்லை. குளிர்காலத்துக்குள் ஊர் சேர்ந்து புது வீடு கட்டிக் கொடுத்தது. ஓஸ்வால்ட் தான் செய்ததிலேயே உறுதியான சக்கரத்தைத் தூக்கிக்கொண்டுபோய், நாரை கூடு கட்டுவதற்கென்று படுக்கைவாக்கில் முகட்டின் மேல் இறுக்கிக் கட்டினான். "வராது" என்றார்கள் ஊரார். "எந்த மனசோட வரும்?" ஹெட்விக் தினமும் தெற்கே பார்த்து நின்றாள். பனி உருகிய ஒரு காலையில் சிவந்த கால்கள் இரண்டு அந்தச் சக்கரத்தின் மேல் வந்து இறங்கின. கழுத்தைப் பின்னால் சாய்த்து அடபார் அலகைத் தட்டியது. அன்றைக்குத் தீ என்று சொன்ன அதே சத்தம். ஹெட்விக் வாசலுக்கு ஓடி வரவில்லை. முதலில் அடுப்படிக்கு ஓடினாள். தணல் எல்லாம் அடங்கியிருப்பதைப் பார்த்த பிறகு, அங்கேயே உட்கார்ந்து அழுதாள்.

செங்கால் நாரை பேசாமல் அலகைத் தட்டுவதும், அதற்கென்று வீட்டுக் கூரையில் வண்டிச் சக்கரம் கட்டி வைப்பதும் அன்றைக்கு ஆரம்பித்தவைதான். வைடன்மூரில் அந்தப் படபடப்புக் கேட்டால், குழந்தைகள்தான் வானத்தைப் பார்ப்பார்கள். பெண்கள் அடுப்பைப் பார்க்கப் போவார்கள்.