முட்டளவா, வேரா

மூன்று வருஷமாக மடத்துப் பக்கம் தலைகாட்டாத வில்வத்துரை அன்று மத்தியானம் வந்து வாசலிலேயே உட்கார்ந்துவிட்டான். கண்மாய்க்கு அப்பால் அவன் கட்டிய புகைபோக்கி மடத்திலிருந்தே தெரியும். விறகை எரித்துக் கரண்ட் எடுக்கும் ஆலை. இன்னும் ஒரு நாளும் அதில் புகை வந்ததில்லை.

"வழி மறக்கலையே" என்றார் சாமி. அடுப்பில் உலை வைத்திருந்தார்.

"ஓய்ந்துபோனேன் சாமி. வெள்ளிக்கிழமை பாய்லர் மூட்டணும். இல்லையென்றால் கடன் கொடுத்த பேங்க்காரர்கள் ஆலையைப் பூட்டிவிடுவார்கள். ஊரில் ஒருத்தனும் விறகு தர மாட்டேங்கிறான்."

"அவர்களிடம் என்ன சொன்னாய்?"

"தண்ணீரையெல்லாம் உறிஞ்சுகிற இந்தச் சீமைக் கருவேலத்தை அஞ்சு வருஷத்தில் வேரோடு ஒழித்துத் தருகிறேன் என்றேன். நல்லதுதானே?"

"நல்லதுதான்."

"கருவேலத்தை வெட்டிக் கரிமூட்டம் போட்டுப் பிழைக்கிற சீனியம்மா ஊர்க்கூட்டத்தில் எழுந்து கேட்கிறாள். 'ஆறாம் வருசம் எதை எரிப்ப துரை, எங்க வீட்டு நிலைக்கதவையா?' ஊரே சிரித்தது."

சாமி சிரிக்கவில்லை.

"பேங்கில் என்ன சொன்னாய்?"

வில்வத்துரை துண்டால் முகத்தைத் துடைத்தான்.

"இருபத்தஞ்சு வருஷத்துக்கு விறகுக்குத் தட்டுப்பாடே வராது என்றேன்."

அடுப்பு தணிந்துகொண்டிருந்தது. சாமி எழுந்து கோடாலியையும் கடப்பாரையையும் அவன் முன்னால் போட்டார்.

"கொல்லையில் ஒரு சீமைக் கருவேலம் நிற்கிறது. பச்சையிலேயே எரிகிற சாதி. வெட்டிக்கொண்டு வா. அரிசி போடணும்."

அந்த மரத்தைச் சீனியம்மா இரண்டு மூன்று வருஷத்துக்கு ஒருமுறை முட்டளவு, முழங்கால் உயரத்துக்கு அடிமரத்தை விட்டு வெட்டுவாள். மழைக்கு மறுபடி தழைத்துவிடும். வேரைத் தோண்டினால்தான் சாகும்.

வில்வத்துரை கோடாலியை ஓங்கினான். இறக்கினான். கடப்பாரையை எடுத்துத் தூரில் ஊன்றினான். அப்படியே நின்றான்.

வெகுநேரம் வெட்டும் சத்தமே கேட்கவில்லை. பிறகு இரண்டையும் தூக்கிக்கொண்டு விறகில்லாமல் திரும்பி வந்தான்.

"எங்கே வெட்டட்டும் சாமி? முட்டளவிலா, வேரிலா?"

கங்கு சாம்பல் பூத்திருந்தது. சாமி களைந்து வைத்த அரிசியை மூடினார்.

"எங்கே வெட்டினாலும் என் சோறு வெந்துவிடும். அப்புறம் நீ பதில் சொல்லப் பேங்குக்குப் போகணுமா, சீனியம்மா வீட்டுக்குப் போகணுமா என்று மட்டும் பார்த்துக்கொண்டு வெட்டு."